சுரண்டைப் பக்கமிருந்து ஒரு கோல்ஃப் மட்டையின் வரலாறு

கோல்ஃப் திடலில் ஒவ்வொரு குழிக்கான ஆட்டமும் தொடங்கும் இடத்தில், மண்ணில் குத்தி நிறுத்திய டீ என்னும் சிறு தாங்கியின் மேல் பந்தை வைத்து, அதை இயன்ற மட்டும் தொலைவுக்கு அனுப்புவதற்கென்றே வைத்துக்கொள்ளப்படும் நீண்ட மட்டைக்கு டிரைவர் என்று பெயர். ஆட்டக்காரர் ஒருவர் தம் பையில் கொண்டுசெல்லக்கூடிய 14 மட்டைகளில் இதுவே பெரும்பாலும் விலை மிகுந்தது. விளம்பரம் மிகுந்ததும் இதுவே. உயர்விலை டிரைவர் ஒன்றைத் தோற்றம், தொழில்நுட்பம், செயல்திறன் என்று மூன்றாகப் பிரித்து எடைபோடுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால் இம்மூன்றும் தனித்தனிக் கேள்விகளாகப் பிரிந்தது அண்மைக் காலத்தில்தான் என்பதும், மட்டையின் தலை எந்தப் பொருளால் செய்யப்படுகிறது என்பதில் நேர்ந்த மாற்றமே அந்தப் பிரிவினைக்குக் காரணம் என்பதும், வெற்றி பெற்றவர்களின் பட்டியலை ஒதுக்கிவிட்டுப் பொருள்களின் வழியே அதன் வரலாற்றைத் தொடர்ந்தால் புலப்படும்.

அவ்வாறு தொடர்வதற்குத் தென்காசி மாவட்டத்துச் சுரண்டை எதிர்பாராத வகையில் பொருத்தமான ஊர். சிற்றாற்றுப் படுகையில், சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குச் சந்தையூராகவும் பீடித் தொழிலின் ஊர்களுள் ஒன்றாகவும் விளங்கும் இங்கே கோல்ஃப் திடல் கிடையாது. ஆட்டத்தின் வரலாற்றில் இவ்வூருக்குப் பங்கு ஏதும் கோர முடியாது. இருந்தும், டிரைவரின் தலை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் எந்த மரப் பேரினத்திலிருந்து செய்யப்பட்டதோ அதே பேரினத்தின் இலை இவ்வட்டாரப் பெண்களின் மடியில் நாள்தோறும் கிடக்கிறது. அதற்குப் பின்வந்த உலோகத்தின் தாதுவோ, இவ்வூரின் நீர் போய்ச் சேரும் கடலின் கரையோரத்தில் கருமணலாகப் படிந்திருக்கிறது.

ஆட்டம் இந்தியாவுக்கு வந்தது வெகு முன்பே. கல்கத்தாவில் 1829ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கழகம், பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே நிறுவப்பட்டு இன்றுவரை நிலைத்திருக்கும் கோல்ஃப் கழகங்களுள் மூத்தது. பம்பாய் 1842இலும் பெங்களூர் 1876இலும் அதைத் தொடர்ந்தன. தமிழ்நாட்டில் ஆட்டம் இரண்டு வகை நிலங்களில் வேரூன்றியது. ஒன்று சென்னை, அங்கே ஜிம்கானா கழகத்தினர் கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலின் உட்புறத்தில் ஆடினர், 1873இல் தோன்றிய காஸ்மாபாலிட்டன் கழகம் பின்னாளில் நந்தனத்தில் தனக்கெனத் திடல் அமைத்துக்கொண்டது. மற்றொன்று மலைகள்: கொடைக்கானல் கழகம் 1895இல் தொடங்கியது, உதகையிலும் வெலிங்டனிலும் அதே காலகட்டத்துச் சூழலில் திடல்கள் உருவாயின. குற்றாலமும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் விரும்பித் தங்கிய இடமே; 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிடும் தோட்டங்களைக் கம்பெனி அங்கே முயன்று பார்த்தது. ஆனால் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டரைக்கூட எட்டாத அந்த அடிவாரத்துக்குத் துரைமார் வந்தது சாரல் பொழியும் சில மாதங்களுக்கு மட்டுமே. அருவியில் குளிப்பதற்கு உகந்த அந்தப் பருவம், புல்வெளியில் பந்து தேடுவதற்கு உகந்ததன்று. கோல்ஃப் தன் தென்னிந்திய வீடுகளாகத் தேர்ந்துகொண்டவை வேறு மலைகள்.

அந்தத் திடல்களில் முதலில் ஆடப்பட்ட மட்டைகள் பெரும்பாலும் ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கப்பலில் வந்தவை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டிரைவரின் தலை நீண்டு ஒடுங்கிய மூக்குடன், பீச், ஆப்பிள், பேரி போன்ற மரங்களில் செதுக்கப்பட்டு, தண்டுடன் சாய்வாகச் சீவி ஒட்டப்பட்டு, மெழுகு பூசிய நூலால் இறுகச் சுற்றப்பட்டிருந்தது. தோலுறைக்குள் இறகை அடைத்துச் செய்த பழைய பந்துக்கு அந்த மெல்லிய தலை போதுமானதாக இருந்தது. 1848ஐ ஒட்டி, மலாய்க் காடுகளின் மரப்பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்னும் கெட்டிப் பொருளால் செய்த பந்து வந்ததும் தலைகள் பிளக்கத் தொடங்கின. பந்து மலிந்தது, மட்டை உடைந்தது. ஆகவே குட்டையான, ஆழமான, தடித்த தலை தேவைப்பட்டது. அத்தகைய தலைக்கு அடிமேல் அடி தாங்கும் கடினமான மரம் தேவைப்பட்டது.

அந்த மரம் அமெரிக்காவின் தென்பகுதிக் காடுகளில் இருந்தது. பெர்சிமன் என்று அங்கே வழங்கும் அது டயாஸ்பைரஸ் என்னும் தாவரப் பேரினத்தைச் சேர்ந்தது. அதன் ஆசிய உறவான பழமரத்தைத் தமிழில் சீமைப் பனிச்சை என்பர். பருத்தி ஆலைகளில் தறியின் குறுக்கே ஓயாமல் மோதித் திரும்பும் நாடாக்களையும், காலணித் தொழிலில் தோலை இழுத்துப் பொருத்தும் கால் வடிவ மரக்கட்டைகளையும் செய்ய அமெரிக்கர்கள் ஏற்கெனவே அதைப் பயன்படுத்தி வந்தனர். டிரைவரின் வரலாற்றில் இந்தக் காலணிக் கட்டைக்கு உரிய இடம் போதுமான அளவு தரப்படுவதில்லை. ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் அத்தகைய கட்டைகளைச் செய்துவந்த, பிற்காலத்தில் மெக்ரிகர் என்ற பெயரால் உலகறிந்த நிறுவனம், 1890களின் பிற்பகுதியில் அதே மரத்திலிருந்து கோல்ஃப் தலைகளைக் கடைந்து ஸ்காட்லாந்துக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. ஒரு மாதிரி வடிவத்தைத் தடவிச் சென்று அதே வடிவத்தை மரத்தில் வெட்டித் தரும் கடைசல் பொறி அவர்களிடம் இருந்தது. பாதத்தின் வளைவைப் பெயர்த்த பொறிக்கு மட்டைத் தலையின் வளைவைப் பெயர்ப்பது அரிதான வேலையாக இருக்கவில்லை. ஸ்காட்லாந்தின் கைவினையாகத் தொடங்கிய ஒன்றை ஒரு செருப்புக் கட்டைத் தொழிற்சாலை உலகப் பண்டமாக்கியது என்று சொன்னால் அது மிகையாகாது.

டயாஸ்பைரஸ் பேரினம் தென்னகத்துக்கு அயலானதன்று. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கரிய வயிரத்துக்காக வெட்டப்பட்ட கருங்காலி இப்பேரினத்தது. காயின் பிசினைக் கொண்டு மீன்வலைகளுக்குச் சாயமேற்றி உறுதியூட்டிய பனிச்சையும் இப்பேரினத்தது. சுரண்டைக்கு நெருக்கமான உறவு இவ்விரண்டும் அல்ல, தும்பி என்று வழங்கும் மூன்றாவது மரம். அதன் இலைதான் பீடி இலை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, தெலங்கானா முதலிய மாநிலக் காடுகளில் கோடையில் பறித்து, உலர்த்தி, சாக்குகளில் கட்டப்படும் இலை, 20ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையின் முக்கூடல், ஆலங்குளம், கடையநல்லூர், தென்காசி, சுரண்டை வட்டாரங்களுக்கு வந்து சேரலாயிற்று. பீடிக் கடையில் இலையையும் தூளையும் எடை போட்டு வாங்கி வரும் பெண்கள், இலையை நனைத்து, தகர அச்சை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளிட்டுச் சுருட்டி, முனை மடக்கி, நூலால் கட்டித் திருப்பிக் கொடுக்கின்றனர். கூலி 1,000 பீடிக்கு இவ்வளவு என்பது கணக்கு. கொடுத்த எடைக்கு இத்தனை பீடி வந்தாக வேண்டும் என்பதால், எந்த இலையில் நரம்பு தடித்திருக்கிறது, எது வெட்டும்போது கிழியும், எதில் இரண்டு துண்டு தேறும் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் அறிவது இத்தொழிலின் அடிப்படைத் திறமை. இலையின் தோற்றம் அவர்களுக்கு அழகியல் செய்தி அன்று; அன்றைய வருமானத்தின் முன்னறிவிப்பு.

மரத்தலைக் காலத்தில் டிரைவரை மதிப்பிட்டவர்களும் ஏறத்தாழ இப்படித்தான் பார்த்தனர். நன்கு உலர்த்தப்பட்ட மரமா, ரேகைகள் நெருங்கியும் நேராகவும் ஓடுகின்றனவா, முகத்திலிருந்து பின்புறம் வரை கணு ஏதும் இல்லாமல் தொடர்கின்றனவா என்று அவர்கள் தேடியது மெருகேற்றிய மேற்பரப்பின் அழகுக்காக மட்டுமன்று. நெருங்கிய ரேகை, மெதுவாக வளர்ந்த, அடர்த்தியான, பிளக்காத மரத்தின் அடையாளம் என்று கருதப்பட்டதால்தான். பந்தைச் சந்திக்கும் முகப்புறத்தில் கொம்பு, எலும்பு, பிற்காலத்தில் அழுத்தப்பட்ட நார்ப்பலகை அல்லது நெகிழி எனக் கடினமான துண்டொன்று பதிக்கப்பட்டுத் திருகாணிகளால் இறுக்கப்பட்டது. அடிப்புறம் தேயாமலிருக்கப் பித்தளைத் தகடு அறையப்பட்டது. குடைந்த துளையில் ஈயம் ஊற்றி எடை சரிசெய்யப்பட்டது. இந்தச் சேர்க்கைகள் ஏன் தேவைப்பட்டன என்பதை ஓர் எளிய கணக்கு விளக்கும்: டிரைவர் தலையின் எடை அன்றும் இன்றும் ஏறத்தாழ 200 கிராம், பெர்சிமனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.8 கிராம், 180 கன சென்டிமீட்டர் அளவுள்ள தலையில் மரம் தருவது 144 கிராம்தான், எஞ்சியதை ஈயமும் பித்தளையும் நிரப்பின. தலையைப் பெரிதாக்கியிருக்கலாமே என்றால், திடமான மரத்தில் அளவு கூடக்கூட எடையும் கூடும். வீசும் கை அதைத் தாங்காது. மரத்தின் அடர்த்தியே தலையின் உருவத்துக்கு எல்லை வகுத்தது.

அந்தக் காலத்துக் கைவினைஞர்களின் நுட்பத்துக்கு முகத்தின் வளைவு ஒன்றே போதிய சான்று. டிரைவரின் முகம் தட்டையாகத் தோன்றினாலும் பக்கவாட்டில் சற்றே புடைத்திருக்கும். வலக்கை ஆட்டக்காரர் ஒருவர் பந்தை முகத்தின் நடுவில் அடிக்காமல் வெளிமுனைப் பக்கம் அடித்துவிட்டால், தலை தன் நிறை மையத்தைச் சுற்றி ஒரு கணம் திரும்பும்; ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் இரு பற்சக்கரங்களில் ஒன்று வலமாகச் சுழன்றால் மற்றது இடமாகச் சுழல்வதைப் போல, பந்து எதிர்த்திசையில் சுழன்று காற்றில் இடப்பக்கம் வளையும். முகத்தின் புடைப்பு அதே பந்தை முதலில் சற்று வலப்பக்கமாகக் கிளப்பிவிடுவதால், இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று தின்று பந்து திடலின் நடுப்பகுதிக்குத் திரும்பி வருகிறது. இந்த வளைவின் சரியான அளவை அரத்தாலும் கண்ணாலும் கண்டுகொண்டவர்கள் இயற்பியல் நூல் படித்தவர்கள் அல்லர். இன்றைய டிரைவர்களும் அந்த வளைவைக் கைவிடவில்லை.

தண்டின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹிக்கரி மரத்தண்டுக்குப் பதிலாக உருக்குக் குழாயை அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1924இலும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலிருந்து விதி வகுத்த ஆர் அண்ட் ஏ கழகம் 1929இலும் ஏற்றுக்கொண்டன. பிற்காலத்தில் கரியிழைத் தண்டு வந்தது. தலை மட்டும் மரமாகவே நீடித்தது. இடையில் உலோகத் தலைக்கான முயற்சிகள் இல்லாமலில்லை: இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் அலுமினிய வார்ப்பாலை நடத்திய வில்லியம் மில்ஸ், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அலுமினியத் தலைகளை விற்றார். அவர் பெயரை உலகம் நினைவில் வைத்திருப்பது முதல் உலகப் போரில் பிரித்தானியப் படைகள் வீசிய கையெறி குண்டுக்காக. டிரைவரின் வரலாற்றில் போர்க்கருவிகளின் நிழல் அதன்பின்னும் ஒருமுறை விழும்.

மரத்தலையின் ஆட்சியை அசைத்தவர் கேரி ஆடம்ஸ். 1979இல் இல்லினாய் மாநிலத்தில் டெய்லர்மேட் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், உள்ளே வெற்றிடமாக வார்க்கப்பட்ட துருப்பிடிக்கா உருக்குத் தலையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். உருக்கு ஆலைகளுக்குப் பெயர்பெற்ற பிட்ஸ்பர்க் நகரின் பெயரைச் சேர்த்து அதைப் பிட்ஸ்பர்க் பெர்சிமன் என்று அழைத்தனர். 1981இல் ரான் ஸ்டிரெக் ஹூஸ்டன் போட்டியில் உலோகத் தலை டிரைவருடன் வென்றார். அந்தத் தலையை உருவாக்கிய முறை தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று: முதலில் மெழுகில் உருவம், அதன் மேல் தீத்தாங்கும் பூச்சு, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றுதல், அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுதல். சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கும், இன்று சுவாமிமலையில் நடைபெறும் வார்ப்புக்கும் அடிப்படை இதுவே. வேறுபாடு, சிற்பியின் அச்சு ஒரு திருமேனியோடு உடைந்து முடிகிறது; ஆலையில் மெழுகு உருவமே உலோக அச்சில் ஆயிரக்கணக்கில் எடுக்கப்படுகிறது.

திடமான கட்டையிலிருந்து உள்ளீடற்ற கூட்டுக்கு மாறியதே இதில் முதன்மையான நிகழ்வு. உலோகம் அதற்கு ஒரு வழி மட்டுமே. எடை நடுவில் குவியாமல் விளிம்புகளுக்கு நகர்ந்ததால், நடுப்புள்ளி தவறி அடித்தாலும் தலை குறைவாகவே திரும்பியது. ஓர் உருவம் தன்னைச் சுழற்றும் விசையை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் குறிக்கும் நிலைமத் திருப்புத்திறன் என்னும் பாடநூற் சொல் அதுமுதல் விற்பனைச் சொல்லாயிற்று. ஆனாலும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாக மரத்தை விட மனமின்றி இருந்தனர். பெர்ன்ஹார்ட் லாங்கர் 1993இல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றதே மரத்தலை டிரைவருடன் பெற்ற கடைசிப் பெரும் வெற்றி என்று பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1991இல், காலவே நிறுவனம் 190 கன சென்டிமீட்டர் அளவுள்ள உருக்குத் தலையை வெளியிட்டு அதற்குப் பிக் பெர்த்தா என்று பெயரிட்டிருந்தது. நிறுவனர் ஈலி காலவே, அமெரிக்காவின் பெரிய நெசவு நிறுவனமொன்றின் தலைவராக இருந்து, பின் திராட்சைமது ஆலை நடத்தி, அதன்பின் கோல்ஃபுக்கு வந்தவர். வடிவமைப்பாளர் ரிச்சர்டு ஹெல்ம்ஸ்டெட்டர் பில்லியர்ட்ஸ் கோல்கள் செய்தவர். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் பயன்படுத்திய மாபெரும் பீரங்கியின் பட்டப்பெயரை ஒரு விளையாட்டுக் கருவிக்கு வைத்ததில் இருந்த துணிச்சல் வணிக வகையில் பலித்தது. அதே 1991இல் இந்தியா தன் இறக்குமதி உரிமக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தத் தொடங்கியதால், அதுவரை வெளிநாடு சென்று வருவோரின் பெட்டியில் வந்த இத்தகைய மட்டைகள் அடுத்த ஆண்டுகளில் இந்நாட்டுக் கடைகளுக்கே வரலாயின.

உருக்கின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.8 கிராம். 200 கிராம் உருக்கைக் கொண்டு கூட்டை மேலும் பெரிதாக்கினால் சுவர் தாங்காத அளவுக்கு மெலியும். டைட்டானியத்தின் அடர்த்தி 4.5 கிராம்தான், வலிமையோ உருக்குக்கு நிகரானது. இங்கேதான் வரலாறு கடற்கரைக்குத் திரும்புகிறது.

அடவிநயினார் அணையிலிருந்து இறங்கும் அனுமன் நதியும் குற்றாலத்து அருவிகளின் நீரைக் கொண்ட சிற்றாறும் இவ்வட்டாரத்துக் குளங்களை நிரப்பியபின், எஞ்சிய நீர் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து புன்னைக்காயலில் கடலை அடைகிறது. இந்த ஆறுகள் பிறக்கும் மலைத்தொடரின் பாறைகளில் சார்னோக்கைட்டும் கொண்டலைட்டும் முதன்மையானவை. சார்னோக்கைட்டு என்ற பெயர், கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறை மேல் பதிக்கப்பட்ட கல் இவ்வகையினது என்பதால் வந்தது. அக்கல் சென்னைப் பகுதியிலிருந்து போனது. இப்பாறைகள் யுகக்கணக்கில் சிதையும்போது, மெல்லிய கனிமங்கள் மண்ணாகக் கரைந்துபோக, கனமும் கடினமும் உள்ள இல்மனைட்டு, ரூட்டைல், கார்னெட்டு, சிர்க்கான், மோனசைட்டு முதலியவை ஆறுகளால் கடலுக்குச் செல்கின்றன. அலைகள் இலேசான மணலை இழுத்துச் சென்று கனமானவற்றைக் கரையில் விட்டுவிடுகின்றன. தென்கோடிக் கடற்கரையின் கருமணல் இவ்வாறு சலிக்கப்பட்ட மலை. இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த இல்மனைட்டே அதன் கருமைக்கு முதற்காரணம்.

இந்த மணலை உலகச் சந்தைக்கு இழுத்தது டைட்டானியம் அன்று. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பா சென்ற கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டு இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909இல் கண்டறிந்தார். காஸ் விளக்குகளின் வலைகளுக்குத் தேவையான தோரியம் மோனசைட்டில் இருந்தது. மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. அன்று இல்மனைட்டு கழிவாகக் கருதப்பட்டது. அதிலிருந்து வெள்ளை நிறமி தயாரிக்கலாம் என்று தெரிந்தபின், இரண்டாம் உலகப் போருக்கு முன் திருவிதாங்கூர் உலகின் தலையாய இல்மனைட்டு வழங்குநராயிற்று. மணவாளக்குறிச்சி அடங்கிய கன்னியாகுமரிப் பகுதியும் தென்காசிக்கு அடுத்த செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 அன்று ஒருசேரத் தமிழ்நாட்டோடு இணைந்தவை என்பதை இங்கே நினைவுகூரலாம்.

தனிமத்தின் அறிமுகமும் ஒரு கருமணலில்தான் நிகழ்ந்தது. 1791இல் வில்லியம் கிரிகர் என்ற பாதிரியார் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதி ஓடை மணலில் அறியாத உலோகம் ஒன்றின் ஆக்சைடைக் கண்டார். 1795இல் கிளாப்ரோத் அதற்குப் பெயரிட்டார். ஆனால் அதை உலோகமாகப் பிரித்தெடுப்பது அரும்பாடாக இருந்தது, ஏனெனில் சூடான டைட்டானியம் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் பற்றிக்கொண்டு நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் கிரோல் 1930களில் கண்டறிந்த முறையில், தாதுவைக் குளோரினோடு வினைப்படுத்திக் கிடைக்கும் நீர்மத்தை மெக்னீசியத்தால் ஒடுக்கி, துளைகள் நிறைந்த கட்டியாக, அதாவது பஞ்சு டைட்டானியமாகப் பெறுகின்றனர். பின் அதை வெற்றிடத்தில் உருக்க வேண்டும். போர் விமானங்களும் நீர்மூழ்கிகளும் மட்டுமே தாங்கக்கூடிய செலவு அது. பனிப்போர் முடிந்து இராணுவக் கொள்முதல் சுருங்கிய காலத்தில்தான், ஜப்பானிய நிறுவனங்கள் ஏற்கெனவே தொட்டுப் பார்த்திருந்த இவ்வுலோகம் கோல்ஃபுக்குப் பெருமளவில் கிடைத்தது. 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கலந்த விமானக் கலவையே டிரைவருக்கும் வந்தது. காலவேயின் கிரேட் பிக் பெர்த்தா 1995இல் சுமார் 250 கன சென்டிமீட்டர் டைட்டானியத் தலையுடன் 500 டாலர் விலையில் வெளிவந்து விற்றுத் தீர்ந்தது. உயர்விலை டிரைவர் என்ற வகை அன்றுதான் பிறந்தது எனலாம்.

பெரிதான தலையோடு எதிர்பாராத ஒன்றும் வந்தது. மெல்லிய டைட்டானிய முகம் அடிபடும் கணத்தில் உள்வாங்கி மீண்டெழுந்து பந்தைத் தள்ளியது. மோதலுக்குப் பின்னும் முன்னும் உள்ள ஒப்பு வேகங்களின் விகிதமான மீட்சிக் குணகம், அசையாத கெட்டி முகத்துக்குச் சுமார் 0.78. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1998இல் 0.83 என்று உச்சவரம்பு விதித்தது. காலவே 2000இல் வெளியிட்ட ஈஆர்சி என்னும் டிரைவர் அந்த வரம்பை மீறியது. அமெரிக்க விதியின்படி அது தகுதியற்றது, அப்போது அத்தகைய வரம்பு வைக்காத ஆர் அண்ட் ஏயின் ஆட்சிப்பகுதியில் தகுதியுள்ளது. அந்தக் கழகத்தின் விதிகளைப் பின்பற்றும் இந்தியா போன்ற நாடுகளில் ஒருவர் முறைப்படி ஆடிய அடி, அமெரிக்காவில் முறைகேடாகக் கருதப்பட்ட விசித்திர நிலை 2008இல் முழுமையான ஒருமைப்பாடு ஏற்படும் வரை ஏதோவொரு வடிவில் நீடித்தது. இதனிடையே 2004இல் தலையின் அளவு 460 கன சென்டிமீட்டராகவும் மட்டையின் நீளம் 48 அங்குலமாகவும் வரையறுக்கப்பட்டன. ஊசல் ஒன்றால் முகத்தைத் தட்டி, தொடுகை எத்தனை மைக்ரோநொடி நீடிக்கிறது என்று அளக்கும் சோதனையும் வந்தது. வரம்பு 239, பிழைச்சலுகை 18. 2006இல் நிலைமத் திருப்புத்திறனுக்கும் 5,900 கிராம் சதுர சென்டிமீட்டர் என்ற எல்லை குறிக்கப்பட்டது. அது மரத்தலைகள் எட்டியதைப் போல் இரு மடங்குக்கு மேலானது.

இந்த விதிகளின் விளைவு, அவற்றை வகுத்தவர்கள் எண்ணியதைவிட ஆழமானது. முகத்தின் துள்ளலும் தலையின் அளவும் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே சுவரில் முட்டி நின்றபின், நடுப்புள்ளியில் அடிக்கும் அடிக்குப் புதிய டிரைவர் பழையதைவிடப் பெரிதாக எதையும் தந்துவிட முடியாது. ஆகவே போட்டி ஓரங்களுக்கு நகர்ந்தது: தவறி அடிக்கும் அடியில் இழப்பைக் குறைத்தல், எடைத் திருகுகளை இடம் மாற்றிப் பந்தின் போக்கைத் திருத்துதல், கழுத்தைத் திருகி முகத்தின் சாய்வை மாற்றுதல். டெய்லர்மேட் 2004இல் இடம் மாற்றத்தக்க எடைகளையும் 2009இல் சாய்வு மாற்றும் கழுத்தையும் கொண்டுவந்தது. 2019இல் காலவே, முகத்தின் உட்புறத் தடிப்பைக் கணினியே ஆயிரக்கணக்கான வடிவங்களை முயன்று முடிவுசெய்ததாக அறிவித்தது. அந்த முகத்தின் நுட்பம் முழுவதும் உட்பக்கத்தில் இருக்கிறது. கடையில் கையிலெடுத்துப் பார்ப்பவருக்கு அது கண்ணிலேயே படாது. ரேகையைப் பார்த்து மரத்தை அறிந்த கண்ணுக்கு இங்கே வேலையில்லை.

அவ்வாறு வேலையிழந்த தோற்றம் தனியே ஒரு துறையாயிற்று. 2007இல் காலவேயும் நைக்கியும் சதுரத் தலைகளை வெளியிட்டன. எடையை மூலைகளுக்குத் தள்ளுவதால் இயற்பியலின்படி அவை மேலானவை. ஆயினும் குனிந்து பார்த்தவர்களுக்கு அந்த உருவம் பிடிக்கவில்லை, தகரத்தைத் தட்டியது போன்ற ஒலியோ அதனினும் பிடிக்கவில்லை. அவை மறைந்தன. அளவிடத்தக்க மேன்மையைக் காதும் கண்ணும் தோற்கடித்த இந்நிகழ்ச்சி, தோற்றம் வெறும் பூச்சு என்று எண்ணுவோர் மறக்கக்கூடாத ஒன்று. ஒலியைத் திருத்துவதற்கென்றே உட்சுவரில் விலா எலும்புகள் வார்க்கும் வழக்கம் இன்று பொறியாளர்களின் அன்றாட வேலையாகிவிட்டது.

2011இல் டெய்லர்மேட் தலையின் மேற்புறத்தை மங்கல் வெள்ளையாக்கி முகத்தைக் கருமையாக விட்டது. இரண்டும் சந்திக்கும் கோடு, முகம் எத்திசையை நோக்குகிறது என்பதைக் கண்ணுக்குத் தெளிவாக்கும் என்பது காரணம். உலகில் தோண்டப்படும் டைட்டானியத் தாதுவில் மிகப்பெரும் பகுதி உலோகமாவதே இல்லை. டைட்டானியம் டைஆக்சைடு என்னும் வெண்ணிறமியாகிச் சுவர்ப் பூச்சிலும் தாளிலும் நெகிழியிலும் கலக்கிறது. இன்றைய வெள்ளைப் பூச்சுகளின் பொது நிறமி அதுவே. கருமணலிலிருந்து வரும் ஒரே தனிமம் ஒரு வடிவில் தலையின் கூடாகவும் மற்றொரு வடிவில் அதன் மேல்தோலாகவும் அமைந்த காலம் அது. பின்னர் வெள்ளை போய், மேற்புறத்தைக் கரியிழையால் செய்யும் போக்கு வந்தது; அதில் மிச்சமாகும் சில கிராம் எடையைக் கீழும் பின்னும் வைக்கலாம். 2022இல் டெய்லர்மேட் 60 அடுக்குக் கரியிழையால் முகத்தையே செய்தது. 2024இல் வந்த சில தலைகளைப் பற்றி 10,000 என்ற எண் பேசப்பட்டது. கிடைமட்ட, செங்குத்து அச்சுகளின் இரு நிலைமத் திருப்புத்திறன்களையும் கூட்டிச் சொன்ன தொகை அது. விதி எல்லை வைத்தது ஓர் அச்சுக்கு மட்டுமே என்பதால், விளம்பரம் மற்ற அச்சையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

இத்தகைய ஒரு டிரைவரின் விலை 600 டாலரை ஒட்டி நிற்க, இந்தியாவில் வரியும் சேர்ந்து மேலும் ஏறுகிறது. வாங்குபவருக்குத் தேவையான அறிவு தலையின் பொருளைப் பற்றியதைவிடத் தம் வீச்சைப் பற்றியதாகவே இருக்க வேண்டியிருக்கிறது: பந்தின் வேகம், கிளம்பும் கோணம், சுழற்சி ஆகிய மூன்றையும் அளக்கும் கருவியின் முன் தண்டையும் சாய்வையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தால் கிடைக்கும் ஆதாயம், சென்ற ஆண்டுத் தலைக்கும் இந்த ஆண்டுத் தலைக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரும்பாலும் கூடுதல். இதை விற்பனையாளர்கள் மறைப்பதில்லை, அழுத்திச் சொல்வதுமில்லை.

மணலின் கதை வேறு திசையில் போயிற்று. சாத்தான்குளம் வட்டாரத்துச் செம்மண் தேரிகளிலும் இல்மனைட்டு உண்டு. அங்கே டைட்டானியம் டைஆக்சைடு ஆலை அமைக்க டாடா ஸ்டீல் தீட்டிய திட்டம், நிலத்தை இழக்க மறுத்த மக்களின் எதிர்ப்பால் 2007இல் நின்றது. பனையும் கிணற்றுப் பாசனமும் சார்ந்த தேரிநிலத்தின் மதிப்பை அதன் கனிம விழுக்காட்டால் மட்டும் கணக்கிட்டதே அத்திட்டத்தின் குறை. கடற்கரைத் தாதுமணல் எடுப்பதைத் தமிழ்நாடு அரசு 2013இல் தடைசெய்தது. கேரளத்தின் சவராவில், பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தின் தொழில்நுட்பத்தையும் இந்திய விண்வெளித் துறையின் நிதியையும் கொண்டு, ஆண்டுக்கு 500 டன் கொள்ளளவுள்ள பஞ்சு டைட்டானிய ஆலை 2011இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் விற்கும் டிரைவர் தலைகளோ பெரும்பாலும் சீனா முதலிய கிழக்காசிய நாடுகளின் வார்ப்பாலைகளிலிருந்து வருகின்றன. 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கலந்த அதே உலோகம் இங்கே ராக்கெட்டுகளின் உயரழுத்த வாயுக் கலங்களாகிறது. சுரண்டைக்குத் தெற்கே, அதே மலைத்தொடரின் மகேந்திரகிரியில் விண்வெளித் துறை தன் எஞ்சின்களை எரித்துச் சோதிக்கிறது.